பக்கத்தில் நிற்கும் பறவை

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் கோடையில் காரில் போகிறவர்களுக்குக் கோதுமையும் கனோலாவும்தான் கண்ணில் படும். வயல்களுக்கு நடுவே அங்கங்கே மின்னும் தண்ணீரை யாரும் வண்டியை நிறுத்திப் பார்ப்பதில்லை. சில குட்டைகள் ஒரு வீட்டு மனை அளவுதான். சில நம் ஊர் ஏரியளவுக்குப் பரந்து கிடக்கும். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் இந்த நிலத்தை மூடியிருந்த பெரும் பனிப்பாறை பின்வாங்கியபோது, மண்ணுக்குள் புதைந்து தங்கிவிட்ட பனிக்கட்டிகள் மெல்ல உருகின. அப்படி உண்டான பள்ளங்கள் இவை. பெரும்பாலானவற்றுக்கு ஆறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. குளிர்காலப் பனி உருகி நிறைக்க வேண்டும், அல்லது மழை பெய்ய வேண்டும். ஆல்பர்ட்டாவில் தொடங்கி அமெரிக்காவின் அயோவா வரை இப்படிப்பட்ட பள்ளங்கள் லட்சக்கணக்கில் உண்டு. சஸ்காச்சுவான்காரர்கள் இவற்றை ‘ஸ்லூ’ என்பார்கள்.

என் மகன் வீடு ரெஜைனாவில். பணி ஓய்வுக்குப் பிறகு கோடையில் அங்கே போய்த் தங்குவது எனக்கு வழக்கமாகிவிட்டது. வேதாரண்யம் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். உப்பளங்களிலும் சேற்றுத் திட்டுகளிலும் வந்து இறங்கும் உள்ளான்களைப் பார்த்துப் பழகிய கண் இது. கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்ட வரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து இளைஞர்களோடு நின்று, கொசு உள்ளான் எது, பவளக்காலி எது, பச்சைக்காலி எது என்று கற்றுக்கொண்டேன். அந்த வயதில் எனக்குப் பெயர்தான் பெரிது. ஒரு பறவையின் பெயர் தெரிந்துவிட்டால் போதும், அடுத்ததற்குப் போய்விடுவேன். அந்த இளைஞனை இன்று நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது, பிரியமும் வருகிறது. அவ்வளவு ஆசை அவனுக்கு.

ஆகஸ்டில் ஒரு காலை, பேத்தியோடு நகரத்துக்கு வெளியே ஒரு சரளைக்கல் சாலையில் நின்றிருந்தோம். மகன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அலுவலகப் போனில் பேசிக்கொண்டிருந்தான். சாலைக்குக் கிழக்கே ஒரு குட்டை. கரையோரச் சேற்றில் நாற்பது ஐம்பது பறவைகள். சூரியன் எதிரே இருந்ததால் எல்லாமே கறுப்பு உருவங்கள்தான். அப்போது புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. வெயிலில் காய்ந்த முகம், என் வயதிருக்கும். வண்டி பழுதா, உதவி வேண்டுமா என்று கேட்டார். அந்த ஊரில் சாலையோரம் யாராவது நின்றிருந்தால் கேட்காமல் போவதில்லை. பறவை பார்க்கிறோம் என்றேன். அவர் குட்டையையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தார். இங்கிருந்து ஒன்றும் தெரியாது, அந்தப் பக்கம் வாருங்கள், என் நிலம்தான் என்று சொல்லிவிட்டு வேலிக் கதவைத் திறந்துவிட்டார். காற்றுக்குத் தடுப்பாக நட்டிருந்த மரவரிசையைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். டிரக்கின் பின்னாலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் நடந்த நடையிலேயே என் முழங்காலைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கிழக்குக் கரைக்கு வந்ததும் வெயில் எங்கள் முதுகில் விழுந்தது. கறுப்பு உருவங்களுக்குக் கால் வந்தது, இறகு வந்தது, நிறம் வந்தது. கரைப்பறவைகளைப் பார்ப்பதில் பாதி வேலை வெயிலை முதுகுக்குக் கொண்டுவருவதுதான். அதை ஒரு விவசாயி எங்களுக்காகச் செய்துகொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

பறவைகளில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று யெல்லோலெக்ஸ். நம் பவளக்காலியின் உறவு. எலுமிச்சை மஞ்சளில் நீண்ட கால்கள், எப்போதும் நடந்துகொண்டே நீர்ப்பரப்பில் கொத்தும். இன்னொன்று டவிச்சர். குட்டையான உடம்பு, மிக நீளமான நேர் அலகு. ஒரே இடத்தில் நின்று, தையல் மிஷின் ஊசி இறங்கி ஏறுகிற வேகத்தில் சேற்றைக் குத்திக்கொண்டே இருக்கும். புழுக்களும் ஈயின் இளம்புழுக்களும் அந்தச் சேற்றுக்குள் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இரையை அலகு நுனியே தொட்டு உணர்ந்து எடுக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல் ஒன்று நின்றது. யெல்லோலெக்ஸ் மாதிரி நீளமான கால், ஆனால் டவிச்சர் மாதிரி குத்திக்கொண்டிருந்தது. அலகு நுனி சற்றே கீழ்நோக்கி வளைந்திருந்தது. கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். வயிற்றில் கறுப்புக் கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பாதி அழிந்த நிலையில்.

பழகிய கண்ணுக்கு ஒரு குணம் உண்டு. புதிதாக எதைப் பார்த்தாலும் பழைய கணக்கில் கொண்டுபோய் வரவு வைக்கப் பார்க்கும். அந்த வளைந்த அலகையும் வெள்ளைப் புருவத்தையும் பார்த்ததும் என் மனம் நேரே கோடியக்கரைக்குப் போய்விட்டது. சைபீரியாவின் வடகோடியில் கூடுகட்டி, குளிர்காலத்தில் நம் உப்பளங்களுக்குக் கூட்டமாக வரும் கர்லூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளானுக்கும் இதே முகம்தான். ஆனால் அந்த உள்ளானின் கால் கறுப்பு, இவ்வளவு உயரமும் இல்லை. இந்தப் பறவையின் காலோ பாதி தண்ணீரில் மறைந்திருந்தது, மீதியில் சேறு அப்பியிருந்தது. சேறு அப்பிய காலுக்கு நிறம் சொல்ல முடியாது. கால் வெளியே வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

உயரமும் அப்படித்தான். திறந்த நீர்ப்பரப்பில் தனியாக நிற்கும் பறவையின் அளவை எந்தக் கண்ணும் சரியாகச் சொல்லாது. தூரத்தை அளக்க மரமில்லை, வேலியில்லை. பைனாகுலரில் எல்லாமே பெரிதாகத் தெரியும். பக்கத்தில் இன்னொரு பறவை வந்து நின்றால்தான் அளவு கிடைக்கும். அந்த இன்னொன்று தெரிந்த பறவையாகவும் இருக்க வேண்டும். யெல்லோலெக்ஸிலேயே பெரியது, சிறியது என்று இரண்டு இனங்கள் உண்டு. தனித்தனியே பார்த்தால் அனுபவசாலிக்கும் தயக்கம் வரும். சிறியதன் அலகு அதன் தலையின் நீளம்தான் இருக்கும், பெரியதன் அலகு அதைவிடத் தெளிவாக நீளம், நுனி லேசாக மேல்நோக்கி இருக்கும். எழுதிவைக்க எளிது. இரண்டும் அருகருகே நிற்கும்போதுதான் சந்தேகமே இல்லாமல் தெரியும். எனக்கு வயதாக ஆக, இந்த விஷயம் பறவைகளைத் தாண்டியும் உண்மை என்றே படுகிறது. ஒருவர் எப்படிப்பட்டவர் என்று தனியே உட்காரவைத்துப் பார்த்தால் தெரிவதில்லை. யார் பக்கத்தில் எப்படி நிற்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே காத்திருந்தோம். பேத்தி கைபேசியில் படம் எடுத்து, பெயர் சொல்லும் செயலியிடம் கேட்டாள். தூரத்துப் படம், செயலி மூன்று பெயர்களை வரிசையாகக் காட்டியது. அவள் அதை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு பைனாகுலரை வாங்கிக்கொண்டாள். நெடுநேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்: “தாத்தா, அது சாப்பிடறப்ப பின்னாடி மட்டும் மேல தூக்கிக்குது. பக்கத்துல இருக்கறது அப்படிப் பண்ணல.”

நான் வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். டவிச்சருக்கு அலகு நீளம், கால் குட்டை. நின்ற நிலையிலேயே அலகு சேற்றை எட்டிவிடும். இந்தப் பறவைக்குக் கால் நீளம், அலகு அந்த அளவுக்கு இல்லை. சேற்றை எட்ட வேண்டுமானால் இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் முன்னால் சாய்க்க வேண்டும், வால் தானாக மேலே போய்விடும். உடம்பின் கணக்கு அப்படி. இறகின் நிறம் மாதத்துக்கு மாதம் மாறும், வெயிலுக்கு வெயில் மாறும். கால் நீளத்துக்கும் அலகு நீளத்துக்கும் உள்ள பொருத்தம் மாறாது. அவளுக்கு மனதில் எந்தப் பெயரும் இல்லை. அதனால் பறவை செய்ததை மட்டும் பார்த்திருக்கிறாள்.

அதற்குள் ஒரு சிறிய யெல்லோலெக்ஸ் நடந்து வந்து அதன் அருகில் நின்றது. எங்கள் பறவை அதைவிடச் சற்றுச் சிறியது. ஏதோ ஒரு பருந்தின் நிழல் விழுந்து எல்லாம் எழும்பியபோது டவிச்சர்களுக்கு முதுகில் வெள்ளை ஆப்பு மேல்நோக்கிப் போனது. இதற்கு வாலடியில் மட்டும் வெள்ளை, கால்கள் வாலைத் தாண்டி நீண்டிருந்தன. திரும்பி இறங்கியது ஈரமில்லாத மேட்டில். கால் முழுதாகத் தெரிந்தது. மஞ்சளும் இல்லை, கறுப்பும் இல்லை, மங்கலான பச்சை கலந்த நிறம். ஸ்டில்ட் சாண்ட்பைப்பர். வட அமெரிக்காவின் ஆர்க்டிக் துந்திரத்தில் கூடுகட்டி, இந்தப் புல்வெளிகளின் நடுவே இறங்கி, தென் அமெரிக்காவின் உள்நாட்டுச் சதுப்புகளுக்குப் போகும் பறவை. எடை சுமார் 60 கிராம்.

அந்த அழிந்த வயிற்றுக் கோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரைப்பறவையை இனம் காண்பதற்கு முன்பு அதன் வயதைக் கேட்க வேண்டும் என்பார்கள் விஷயம் தெரிந்தவர்கள். ஆகஸ்டில் வரும் முதிர்ந்த பறவைகள் கூடுகட்டி, அடைகாத்து, குஞ்சு பார்த்து வந்தவை. இறகுகள் தேய்ந்து நுனி பிய்ந்திருக்கும். கன்னத்தின் செம்பழுப்பு மங்கியிருக்கும். கோடைக் கோலம் கலைந்து குளிர்காலச் சாம்பல் அங்கங்கே முளைத்திருக்கும். புத்தகத்தில் இருக்கும் எந்தப் படத்தோடும் ஒத்துப்போகாது. இளம்பறவைகளோ புது இறகோடு வரும், ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் விளிம்பு, செதில் செதிலாக ஒழுங்காக இருக்கும். தேய்ந்த இறகைப் பார்த்தே இது எத்தனை வேலை செய்துவிட்டு வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஸ்டில்ட் சாண்ட்பைப்பரில் தாயும் தந்தையும் முறைவைத்து அடைகாக்கும், பெரும்பாலும் பகலில் ஆண், இரவில் பெண்.

இந்தப் பறவைகளில் பலவற்றிடம் என்னை மலைக்கவைக்கிற வழக்கம் ஒன்று உண்டு. பெரியவை முதலில் புறப்பட்டுவிடும். ஜூலையிலேயே இந்தக் குட்டைகளுக்கு வரத் தொடங்கிவிடும். குஞ்சுகள் பொரித்த முதல் நாளிலிருந்தே தாமாக இரை தேடத் தெரிந்தவை. இறகு முற்றி, உடம்பில் கொழுப்பு சேர்ந்த பிறகு, சில வாரங்கள் கழித்து, தாமாகவே கிளம்பும். முன்பு ஒருமுறையும் பார்த்திராத கண்டத்துக்கு, கூட்டிப்போக ஒரு பெரியவரும் இல்லாமல். பேத்திக்கு இதைச் சொன்னபோது, “அம்மா அப்பா ஏன் காத்திருக்கக் கூடாது?” என்று கேட்டாள். முன்னால் போய்விட்டால் அந்தத் துந்திரத்தில் மிச்சமிருக்கிற இரை முழுவதும் குஞ்சுகளுக்கு என்று அறிஞர்கள் தரும் விளக்கங்களில் ஒன்றைச் சொன்னேன். அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளை அனுப்பிவைத்துவிட்டு ஊரில் இருந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த விளக்கம் கொஞ்சம் ஆறுதல் தருகிறது.

கரைப்பறவைகளை இனம் பிரிப்பதில் பெரிய அறிஞர்களும் நிதானமாகத்தான் போயிருக்கிறார்கள். அந்தக் குட்டையில் தைத்துக்கொண்டிருந்த டவிச்சரில் நீள அலகு, குறு அலகு என்று இரண்டு இனங்கள் உண்டு என்பது 1950இல் ஃபிராங்க் பிட்டல்கா என்ற விலங்கியலாளரின் ஆய்வுக்குப் பிறகே நிலைபெற்றது. ஆஸ்திரேலியாவில் 1982இல் காக்ஸ் சாண்ட்பைப்பர் என்று ஒரு புதிய இனத்துக்கே பெயர் வைத்தார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தபோது அது தனி இனமல்ல, கலப்புப் பிள்ளை என்று தெரிந்தது. தந்தை பெக்டோரல் சாண்ட்பைப்பர், தாய் நம் கோடியக்கரைக்கு வருகிற அதே கர்லூ சாண்ட்பைப்பர். பெயர் வைத்தவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. அவர்கள் எடுத்துப் பத்திரப்படுத்திய பறவைகள் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்கு விடை கிடைத்தது.

எது எது என்று பிரித்தறிவதை நான் வெறும் பொழுதுபோக்காகப் பார்ப்பதில்லை. இரண்டை ஒன்றென்று எண்ணிக்கொண்டிருந்தால், அதில் ஒன்று குறைந்துகொண்டே போவது யாருக்கும் தெரியாது. எஸ்கிமோ கர்லூ என்று ஒரு பறவை இருந்தது. ஒரு காலத்தில் வசந்தத்தில் அமெரிக்கப் புல்வெளிகள் வழியாகப் பெருங்கூட்டமாக வடக்கே போகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சந்தைக்காக வண்டி வண்டியாகச் சுட்டார்கள். புல்வெளி உழப்பட்டது. அது தின்று வந்த மலை வெட்டுக்கிளியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்துவிட்டது. இடம்பெயரும் பறவைகளைக் காக்க 1916இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் உடன்படிக்கை செய்தபோது அந்தப் பறவைக்குக் காலம் கடந்துவிட்டது. 1963இல் பார்படோஸில் சுடப்பட்ட ஒன்றுதான் கடைசி உறுதியான சான்று. அதன் பிறகும் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அதைப்போலவே இருக்கும் வேறு கர்லூக்கள் உண்டென்பதால் எதையும் உறுதிப்படுத்த முடியவில்லை. இன்று சிறிய யெல்லோலெக்ஸே கனடாவில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. எங்கள் பறவைக்கு அளவுகோலாக வந்து நின்றதே, அதுதான்.

மதியம் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த விவசாயியோடு கொஞ்ச நேரம் பேசக் கிடைத்தது. குட்டையை ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் நன்றாக யோசித்துச் சொன்னார். விதைக்கும் இயந்திரம் பெரிது. ஒவ்வொரு குட்டையையும் சுற்றித் திருப்பும்போது விதையும் உரமும் டீசலும் இரட்டிப்பாக விழும். வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டால் நேர்க்கோட்டில் ஓட்டலாம், நாலு ஏக்கர் கூடும். அக்கம்பக்கத்தில் வடித்தவர்களை அவர் குறை சொல்லவில்லை, கடன் எல்லோருக்கும் உண்டு என்றார். ஆனால் வறண்ட வருஷத்தில் மற்ற இடமெல்லாம் காய்ந்தபோது, அவருடைய அப்பா இந்தக் குட்டையோரப் புல்லை அறுத்துத்தான் மாடுகளைக் காப்பாற்றினாராம். அப்பா விட்டதை நானும் விட்டிருக்கிறேன் என்றார். பறவைகளை வெறும் ‘சேற்றுக் குருவிகள்’ என்றுதான் அதுவரை அவருக்குத் தெரியும். பேத்தி அந்த வால் தூக்கும் கதையைச் சொன்னதும், டிரக்கில் மழையளவு குறித்துவைக்கும் நாட்காட்டியை எடுத்து, அந்தத் தேதிக் கட்டத்தில் பறவையின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பிள்ளைகள் வீட்டுக்குக் கோடையில் ரெஜைனாவுக்கோ சஸ்கட்டூனுக்கோ வின்னிபெக்குக்கோ வருகிற என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை இந்தக் குட்டைகளில் கூட்டம் இருக்கும். மூஸ்ஜாவுக்கு மேற்கே டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையோரத்தில் சாப்ளின் ஏரி இருக்கிறது. உப்பு ஏரி, பக்கத்திலேயே சோடியம் சல்பேட் எடுக்கும் ஆலையும் வெள்ளைக் குவியல்களும். வேதாரண்யத்துக்காரனுக்கு அங்கே அந்நியமாகவே தோன்றாது. மே மாதத்தில் போனால் நம் கடற்கரைகளுக்கும் வருகிற சாண்டர்லிங் உள்ளான்களை அங்கே ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். ரெஜைனாவுக்கு வடக்கே லாஸ்ட் மவுண்டன் ஏரியின் வடகோடியை 1887இலேயே பறவைகளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். வட அமெரிக்காவில் மத்திய அரசு ஒதுக்கிய முதல் பறவைகள் சரணாலயம் அது. தொப்பியும் கொசு மருந்தும் கட்டாயம், மடக்கு நாற்காலி இருந்தால் நல்லது. வெயில் முதுகில் விழுகிற கரையாகப் பார்த்து உட்காருங்கள். சாப்ளினில் உப்புக்கரையில் இறங்கி நடக்காதீர்கள், பைப்பிங் புளோவர் என்ற அருகிவரும் உப்புக்கொத்தி அந்த மணலிலேயே முட்டையிடும். தனியார் நிலமென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். வேலிக் கதவைத் திறந்தால் மறக்காமல் மூடிவிடுங்கள், உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.